‘என்ன போடுறீங்க?’ என்று கேளுங்கள், டாக்டர்

நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் இரண்டு வருடம் பொய் சொல்லியிருக்கிறேன். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் அவர் அட்டையைப் புரட்டிக்கொண்டே, "சாப்பாடு பாக்கெட்தானே?" என்பார். "ஆமா டாக்டர், பாக்கெட்தான்" என்பேன். என் காலடியில் படுத்திருக்கும் மணி அன்று காலையில் அரைக் கிலோ பச்சைக்கறியும் ஒரு துண்டு ஈரலும் முடித்துவிட்டு வந்திருப்பாள். பல்லைப் பார்க்க அவர் அவள் வாயருகே குனியும்போது எனக்குத்தான் பக்கென்று இருக்கும்.

பொய் சொல்லப் பழகியதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் தடவை உண்மையைத்தான் சொன்னேன். பச்சைக்கறி போடுகிறேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். "யார் சொன்னா உங்களுக்கு? நெட்ல பாத்தீங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "நிறுத்திடுங்க. ஏதாவது ஆச்சுன்னா எங்கிட்ட வராதீங்க" என்றார். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவர் அவசரம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் மேசைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்ற அந்த அரை நிமிடம் மறக்கவில்லை. மறுமுறையிலிருந்து என் பதில் ‘பாக்கெட்’ ஆகிவிட்டது. கறியை நிறுத்தவில்லை. சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இந்த மடலை எழுத வைத்தது மணி இல்லை. அவளுக்கு அப்புறம் வந்த குண்டு.

குண்டு ஜெர்மன் ஷெப்பர்ட். வந்தபோது இரண்டு மாதக் குட்டி, பெயருக்கேற்ற உருண்டை. மணிக்குப் போடுவதையே அவனுக்கும் போட்டேன், ஒரே ஒரு மாற்றத்தோடு: பால்பல் விழாத பிள்ளை, எலும்பு தொண்டையில் சிக்கிவிடும் என்று பயந்து, தனிச் சதையாகப் பார்த்து வாங்கினேன். நல்ல கறி, கொழுப்பு நீக்கியது. அதை வெட்டி வைக்கும்போது எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நாலரை மாதத்தில் பின்னங்காலை லேசாக இழுத்தான். ஒரு நாள் வலது, மறுநாள் இடது. படிக்கட்டுக்குக் கீழே நின்று மேலே பார்ப்பான், ஏற மாட்டான். தூக்கினால் முனகுவான்.

அதே மருத்துவரிடம்தான் போனேன். "என்ன சாப்பாடு?" "குட்டிக்கான பாக்கெட், டாக்டர்." இதை எழுதும்போது கை கூசுகிறது. அந்தப் பதிலை நம்பி அவர் நினைத்தது சரிதான்: வளரும் வயதில் இந்த இனத்துக்கு எலும்பு வலி வந்து கால் மாற்றிக் கால் நொண்டுவது உண்டு, தானாகச் சரியாகிவிடும். வலி மாத்திரை பத்து நாளுக்கு எழுதினார். மாத்திரை போட்டதும் குண்டு கொஞ்சம் ஓடினான். ஒன்பதாம் நாள் ராத்திரி சோபாவிலிருந்து குதித்தான். சோபா எவ்வளவு உயரம்? என் முழங்கால்கூட இல்லை. அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

அந்த நேரத்தில் திறந்திருந்த வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பணியில் ஒரு பெண் மருத்துவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. எனக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியாது, ஆனால் அதில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்பது எனக்கே தெரிந்தது. எலும்பு வெள்ளையாக இல்லை. சுற்றியிருந்த சதையும் எலும்பும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். ஓரத்தில் பென்சிலால் இழுத்தது மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். தொடை எலும்பு பச்சைக் கிளையை வளைத்தது போல மடங்கியிருந்தது.

"இவன் என்ன சாப்பிடறான் சார்?" என்றார்.

"பாக்கெட்..." என்று ஆரம்பித்தேன்.

"எக்ஸ்ரே அப்படிச் சொல்லலையே" என்றார். குரலில் கோபம் இல்லை. "எதுவா இருந்தாலும் சொல்லுங்க. திட்டறதுக்கு இல்ல, கணக்குப் போடணும்."

சொன்னேன். எவ்வளவு, எத்தனை வேளை, எந்தக் கறி, ஈரல் உண்டா, எலும்பு உண்டா, வேறு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். எலும்பில்லாத கறி ஒரு கிலோவில் கால்சியம் நூறு மில்லிகிராம் சொச்சம். பாஸ்பரஸ் இரண்டாயிரத்தை ஒட்டி. வளரும் குட்டிக்கு ஒவ்வொரு 1000 கலோரிக்கும் 3 கிராம், அதாவது 3000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நான் கொடுத்தது அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயமும் நரம்பும் தடுமாறும். அதற்கு உடம்பு இடம் கொடுக்காது. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து பிடுங்கி ரத்தத்துக்குக் கொடுக்கும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை ஒழுங்காக இருப்பது போலவே காட்டும், எலும்பு உள்ளே கரைந்துகொண்டிருக்கும். இரண்டு மாதமாக என் பிள்ளை தன் எலும்பையே தின்று வளர்ந்திருக்கிறான்.

மணிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவள் வளர்ந்து முடித்தவள், சதையோடு மெல்லெலும்பும் தின்றவள். ‘அவளுக்குச் சரிப்பட்டது இவனுக்கும் சரிப்படும்’ என்று நினைத்தது என் தப்பு. அதை யார் தலையிலும் கட்டப் போவதில்லை. ஆனால் முதல் நாள் அந்த மேசையில், "சரி, எலும்போடயா எலும்பில்லாமயா?" என்று ஒரே ஒரு கேள்வி வந்திருந்தால், நான் பொய்யனாக ஆகியிருக்க மாட்டேன். குண்டு வந்தபோது வாய்விட்டுக் கேட்டிருப்பேன். வேண்டாம் என்ற ஒரு சொல் எங்கள் வீட்டுச் சமையலறையில் எதையும் மாற்றவில்லை. உங்கள் அட்டையில் எழுதியிருந்ததை மட்டும்தான் மாற்றியது.

பச்சைக்கறிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. நீங்கள் பயப்படும் இடங்களில் பெரும்பாலும் நீங்கள்தான் சரி. ஆனால் நாங்கள் ஏன் அங்கே போய் நிற்கிறோம் என்று தெரியாமல் எங்களைத் திருப்ப முடியாது.

முட்டாள்தனத்தால் வருகிறவர்கள் குறைவு. என்னுடைய காரணம் மணியின் தோல்: வருடம் முழுக்க சொறிந்தாள். பாக்கெட்டை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்தவன் நான். பலருக்கு 2007 ஒரு காரணம். மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்த கோதுமைப் புரதம் தீனியில் சேர்ந்து, வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்த வருடம். பல நிறுவனங்களின் பாக்கெட்டுகளை ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றார்கள். 2018இல் தானியமில்லாத தீனிக்கும் நாய்களின் இதயம் வீங்குவதற்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே விசாரணை தொடங்கியது. இதையெல்லாம் படித்த ஒருவன் மூட்டையைத் திருப்பிப் பார்த்தால், புரியாத சொற்கள் இருபது. கறியைப் பார்த்தால் அது கறி. அந்த நிம்மதிக்காகத்தான் வருகிறோம். உங்கள் வரவேற்பு மேசைக்குப் பின்னால் அதே மூட்டைகள் அடுக்கி விற்பனைக்கு இருக்கும்போது, நீங்கள் பாக்கெட்டைச் சொன்னால் எங்களுக்கு எப்படிக் கேட்கும் என்றும் யோசியுங்கள். விற்பது தப்பென்று சொல்லவில்லை. கேட்கிற காது அப்படி.

எங்கள் கூட்டத்திலும் புளுகு உண்டு. ‘நாய் என்பது ஓநாய், ஓநாய் என்ன சோறா தின்கிறது?’ என்பது அதில் முதல். நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான். 2013இல் வெளியான மரபணு ஆய்வு அதைக் கவிழ்த்துப் போட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்க்கு நாலில் இருந்து முப்பது வரை. மனிதன் போட்டதைத் தின்று தின்று நாயின் செரிமானமே மாறியிருக்கிறது. பச்சைக்கறியால் மணிக்கு என்ன நல்லது நடந்தது என்று நேர்மையாகக் கேட்டால்: மலம் சிறுத்தது, நாற்றம் குறைந்தது, தட்டைப் பார்த்ததும் வால் ஆடியது. சொறி நின்றதற்குக் கறி பச்சையாக இருந்தது காரணமா, பழைய தீனியில் ஒவ்வாத ஏதோ ஒன்று போனது காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டாவதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் அதே கறியை வேகவைத்துப் போடும் இந்த ஒரு வருடத்திலும் அவள் சொறியவில்லை.

வேகவைக்கத் தொடங்கியது மாமியாரால். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார், எங்கள் வீட்டில் வந்து தங்கினார். நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் தரைதட்டிக் கிடந்த வாரங்கள் அவை. மணிக்கு அவர் மேல் உயிர். கறி தின்ற கையோடு போய் அவர் கையை நக்குவாள், அவர் அந்தக் கையாலேயே மாத்திரையை எடுத்து வாயில் போடுவார். அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் எச்சரிக்கை எங்களை வந்து சேர்வதே இல்லை. ‘கிருமி இருக்கும்’ என்கிறீர்கள். நாயைப் பார்க்கிறோம், அது கல்லு மாதிரி இருக்கிறது. அதன் வயிற்று அமிலம் எல்லாவற்றையும் எரித்துவிடும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். நாய்க்கு ஒன்றும் ஆகாமலே அதன் மலத்தில் சால்மோனெல்லா கிருமி போய்க்கொண்டிருக்கும் என்பதை யாராவது நிதானமாகச் சொல்ல வேண்டும். சால்மோனெல்லா இருந்த பச்சைக்கறியை 16 நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 7 நாய்கள் அதை மலத்தில் வெளியேற்றின. நாயின் தட்டைச் சோப்பு போட்டுத் தேய்த்தும் கிருமி முழுக்கப் போகவில்லை என்று இன்னொரு ஆய்வு. 2018இல் நெதர்லாந்தில், கடையில் உறையவைத்து விற்ற பச்சைக்கறி நாயுணவு 35 பொட்டலங்களைச் சோதித்தார்கள். லிஸ்டீரியா 19இல், சால்மோனெல்லா 7இல். வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத ஈ.கோலை 28இல்! உறையவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்பது எங்களில் பாதிப் பேரின் நம்பிக்கை. ஃப்ரீசர் சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும். பாக்டீரியா அங்கே தூங்கும், அவ்வளவுதான். வெளியே எடுத்ததும் எழுந்துகொள்ளும்.

ஆக, ஆபத்து நாயின் வயிற்றோடு நிற்பதில்லை, வீட்டுக்குள் நடமாடுகிறது. "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க? கைக்குழந்தை? கர்ப்பிணி? கீமோ எடுக்கறவங்க? ரொம்ப வயசானவங்க?" என்று உங்களில் ஒருவர் எந்நாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே அடுப்பை ஏற்றியிருப்பேன். என் நாயைப் பற்றிப் பேசும்போது பிடிவாதக்காரன் நான். என் மாமியாரைப் பற்றிப் பேசினால் அப்படி இல்லை. எங்களில் பலரும் அப்படித்தான்.

நாய்க்கே வரும் கேடும் இருக்கிறது, அது ‘கிருமி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காது. ஆஸ்திரேலியாவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பின்னங்காலில் தொடங்கி உடம்பு முழுக்கச் செயலிழக்கும் ஒரு நரம்பு நோய்க்கும் பச்சைக் கோழி தின்பதற்கும் தொடர்பு கண்டது. கோழியில் வரும் கேம்பைலோபாக்டர் என்ற கிருமி மேல்தான் சந்தேகம். இதைக் கேட்ட பிறகு கோழிக் கழுத்தை வாங்க எனக்குக் கை வரவில்லை. கழுத்து என்றதும் இன்னொன்று: கால்நடைகளின் தொண்டைப் பகுதியைத் தொடர்ந்து போட்டால், அதில் ஒட்டிவரும் தைராய்டுத் திசுவால் நாய்க்குத் தைராய்டு எகிறும். இளைக்கும், மூச்சு வாங்கும், ஓரிடத்தில் உட்காராது. ‘கறி தின்று சுறுசுறுப்பாகிவிட்டது’ என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். பன்றிக்கறி பச்சையாகப் போனால் அவ்ஜெஸ்கி வைரஸ் வரலாம், வந்தால் நாய் பிழைக்காது. ஆட்டு ஈரல், நுரையீரல் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் வளரும் சின்ன நாடாப்புழுவின் முட்டை, மனிதன் ஈரலில் நீர்க்கட்டியாக வந்து உட்காரும். எந்தக் கறி, எந்தப் பாகம் என்று கேட்காமல் இவற்றில் ஒன்றையும் நீங்கள் பிடிக்க முடியாது. பச்சைக்கறி என்பது ஒரே உணவு இல்லை. வீட்டுக்கு வீடு வேறு.

எலும்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உடைந்த பல்லையும் அடைத்த குடலையும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். எங்கள் பக்கம் வேத வாக்கு என்னவென்றால், ‘வேகவைத்த எலும்புதான் குத்தும், பச்சை எலும்பு ஒன்றும் செய்யாது’. முதல் பாதி உண்மை. மணியின் மேல்தாடைக் கடைவாய்ப்பல் பலகை உடைந்தது மாதிரி பிளந்தது ஒரு பச்சை நல்லி எலும்பில்தான்.

குண்டு விஷயத்துக்கு வருகிறேன். எலும்பு மடங்கியது தெரிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "கால்சியம் டானிக் நிறைய ஊத்தட்டுமா டாக்டர்?" நல்லவேளை, வாய்விட்டுக் கேட்டேன். அந்தப் பெண் மருத்துவர் கையை நீட்டித் தடுத்தார். பெரிய இனக் குட்டிகளுக்கு, முக்கியமாக ஆறு மாதத்துக்குள், வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே தடுத்து நிறுத்தும் திறமை கிடையாது. ஊற்றினால் அதில் பெரும்பங்கு உள்ளே போய் எலும்பு வளர்ச்சியை வேறு விதமாகக் கெடுக்கும். எவ்வளவு என்பதும் முக்கியம், பாஸ்பரஸோடு அதன் விகிதமும் முக்கியம்: பாஸ்பரஸ் ஒன்றுக்குக் கால்சியம் ஒன்றேகால், ஒன்றரைக்குள். கறியில் இருப்பதோ கால்சியம் ஒன்றுக்குப் பாஸ்பரஸ் பதினைந்து, இருபது என்று தலைகீழ். கண் மதிப்பில் சரிக்கட்டும் காரியமில்லை இது. 2011இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வீட்டில் தயாரித்த 95 பச்சைக்கறி உணவுகளைக் கணக்குப் பார்த்தபோது, 60 சதவீதத்தில் ஏதாவதொரு சத்து பெரிய அளவில் கோணியிருந்தது. அவ்வளவும் நாய் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் செய்த சாப்பாடு.

குண்டுக்கு அவர் எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? பெரிய இனக் குட்டிகளுக்கான பாக்கெட் தீனி. நான் இரண்டு வருடம் போடுகிறேன் என்று பொய் சொன்ன அதே பாக்கெட். ஆறு வாரம் சின்னக் கூண்டில் அடைப்பு, வழுக்காமல் தரையில் ரப்பர் விரிப்பு, படிக்கட்டுக்குப் பலகை. மூன்றாம் வாரமே கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டு எகிறத் தொடங்கினான். அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாக வந்திருந்தது. பின்னங்கால் கொஞ்சம் வளைந்தேதான் சேர்ந்திருக்கிறது. நடக்கும்போது தெரியாது, உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்வான்.

அதனால் கேட்கிறேன். அட்டையில் ‘உணவு’ என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள். நாலு வரி விடுங்கள். என்ன கறி, எலும்பு உண்டா, ஈரல் எவ்வளவு, மீதி என்ன, வீட்டில் யார். அந்த ராத்திரி, உடைந்த காலுக்குக் கட்டுப் போடும் அவசரத்திலும் அவருக்கு இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. உங்களுக்கு நேரமில்லை என்றால் உதவியாளரை எழுதிவைக்கச் சொல்லுங்கள். கணக்கு உங்களுக்குக் கைவராவிட்டால் விலங்கு உணவியல் படித்தவரிடம் அனுப்புங்கள். தெரியாது என்று சொல்லும் மருத்துவர் மேல் எங்களுக்கு மரியாதை கூடும், குறையாது. எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்போது அந்தச் சொல்லுக்குக் கனம் இருக்கும். எங்களில் சிலர் அப்போதும் கேட்க மாட்டார்கள். அவர்களிடம், போடுவதானால் குட்டிக்கு வேண்டாம், நோயாளி இருக்கும் வீட்டில் வேண்டாம், தட்டையும் மேடையையும் வெந்நீரில் கழுவிவிட்டு, அப்புறம் ப்ளீச் போட்டுத் துடையுங்கள், தின்ற வாயோடு முகத்தை நக்கவிடாதீர்கள் என்றாவது சொல்லியனுப்பலாம். ‘ஏதாவது ஆச்சுன்னா வராதீங்க’ என்பதை மட்டும் சொல்லாதீர்கள். ஏதாவது ஆனால் நாங்கள் வர வேண்டிய இடம் உங்கள் மேசை ஒன்றுதான்.

நான் பொய் சொன்ன மருத்துவரிடம் இன்னும் போய்ச் சொல்லவில்லை. மணியின் வருடாந்தரத் தடுப்பூசி அடுத்த வாரம் வருகிறது, அட்டை அவரிடம்தான் இருக்கிறது. எப்போது என்ன போடுகிறேன் என்று ஒரு நோட்டில் கிராம் கணக்காக எழுதிவைத்திருக்கிறேன்: வேகவைத்த கறி, ஈரல், காய், கணக்குப் போட்டுக் கொடுத்த கால்சியம், சனி ஞாயிறு பாக்கெட். நோட்டோடு அந்த மருந்துச் சீட்டையும், குண்டுவின் முதல் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
மணி, குண்டு இருவரின் வீட்டுக்காரன்